பொங்கலுக்குப் பூக்கும் நெல் வேண்டாம்

வானம் பார்த்த வயலுக்கு ஏற்ற விதையைக் கண்டறியும் முறை

புரட்டாசி பிறந்ததும் இராமநாதபுரம் மாவட்டத்தில் புழுதி விதைப்பு மும்முரமாகிவிடும். திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம், பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி வட்டாரங்களில் காய்ந்த மண்ணைப் புழுதிபட உழுது, நெல்லை அப்படியே விதைத்து மூடிவிடுகிறார்கள். மழை விழுந்தால் முளைக்கும். விழும் வரை விதை மண்ணுக்குள் காத்திருக்கும். மாவட்டத்தில் ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல் நெல் சாகுபடியாகிறது. இதில் பெரும்பகுதி இப்படி வானத்தையும் கண்மாயையும் நம்பியிருப்பதுதான்.

இந்த விவசாயிக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு போகம். அது தவறினால் அடுத்த புரட்டாசி வரை வேறு நெல் கிடையாது. மழை அவர் கையில் இல்லை. கண்மாய் பெருகுவதும் அவர் கையில் இல்லை. எந்த விதையை மண்ணில் போடுவது என்ற முடிவு மட்டும் அவர் கையில் இருக்கிறது. அந்த முடிவைப் பக்கத்து வயலைப் பார்த்தோ, கடைக்காரர் சொல்வதைக் கேட்டோ எடுக்காமல், கணக்குப் பார்த்து எடுப்பது எப்படி என்பதை இங்கே காணலாம்.

பூக்கும் நாள்தான் முக்கியம்

மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதங்களில்தான் பெரும் மழை. மார்கழி பிறந்தால் மழை குறையத் தொடங்கும். தை மாதத்தில் மழையை எதிர்பார்ப்பதற்கில்லை.

நெற்பயிர் தண்ணீர்ப் பஞ்சத்தை எல்லாப் பருவத்திலும் ஒரே மாதிரி உணர்வதில்லை. தூர் கட்டும் பருவத்தில் பத்து நாள் காய்ந்தால், அடுத்த மழையில் ஓரளவு தேறிக்கொள்ளும். ஆனால் கதிர் பொதியிலிருந்து வெளிவந்து பூக்கும் நாட்களில் காய்ந்தால் மகரந்தம் கெட்டுப் போகும், மணி பிடிக்காது. பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் பதர் பதர்தான். எந்த ரகமாக இருந்தாலும், பூத்து ஏறத்தாழ 30 நாளில் அறுவடைக்கு வரும். ஆகவே ரகத்தின் மொத்த வயதில் 30 நாளைக் கழித்தால் பூக்கும் நாள் கிடைத்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புரட்டாசி 15ஆம் தேதி வாக்கில், அதாவது அக்டோபர் முதல் தேதியை ஒட்டி, ஒரு மழை விழுந்து விதை முளைக்கிறது என்று வைத்துக் கொள்வோம். 105 நாள் ரகமாக இருந்தால் 75ஆம் நாளில், கார்த்திகைக் கடைசியில் பூக்கும். அப்போது வயலில் ஈரம் இருக்கும். பொங்கலுக்கு அறுவடை. 135 நாள் ரகமாக இருந்தால் 105ஆம் நாளில்தான் பூக்கும். அதாவது முதல் ரகத்தை அறுக்கும் பொங்கல் நாளில் இது பூக்கத் தொடங்கும். மழை நின்று ஒரு மாதமான வயலில், கண்மாயிலும் தண்ணீர் இல்லை என்றால், பூப்பதற்கு ஈரம் எங்கிருந்து வரும்? பயிர் பச்சைப் பசேலென்று வளர்ந்து நின்றும் கதிர் வெளுத்துப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். விதையில் குறையில்லை, அந்த வயலுக்கு அந்த வயது ஒத்துவரவில்லை.

கண்மாய்த் தலைமடையில் நிலம் வைத்திருந்து, தை வரை தண்ணீர் உறுதியாகக் கிடைப்பவர்கள் நீண்ட வயது ரகத்தைப் போடலாம். கடைமடைக்கும், மேட்டு நிலத்துக்கும், கண்மாயே இல்லாத மானாவாரிக்கும் அது பொருந்தாது.

நம் ஊர் ரகங்களின் அருமை

இந்தக் கணக்கைக் காகிதத்தில் போடாமலே முன்னோர் கண்டு வைத்திருந்தார்கள். நூற்றிப்பத்து, நொறுங்கன், சித்திரைக்கார், குழியடிச்சான் போன்ற நாட்டு ரகங்கள் இம்மாவட்டத்து வறட்சியில் தலைமுறை தலைமுறையாகத் தப்பிப் பிழைத்தவை. தாங்காத பயிர் ஒவ்வொரு பஞ்சத்திலும் அழிந்து போக, தாங்கிய பயிரின் விதை மட்டுமே குதிருக்குச் சென்றது. அதுவே அடுத்த ஆண்டு விதைக்கப்பட்டது. சம்பளம் இல்லாமல் நடந்த ஆராய்ச்சி என்றே இதைச் சொல்லலாம்.

விஞ்ஞானிகளும் இந்த ரகங்களைத் தேடி வந்திருக்கிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் நூற்றிப்பத்தை ஐ.ஆர்.20 ரகத்துடனும், நொறுங்கனை மற்றொரு ரகத்துடனும் ஒட்டுச் சேர்த்தார்கள். பிறந்த வம்சங்களைப் பரமக்குடி போன்ற வறண்ட இடங்களில் வளர்த்து, வறட்சியைத் தாங்கும் குணம் எந்த மரபுக்கூறுகளில் இருக்கிறது என்று ஆராய்ந்தார்கள். உள்ளூர் விவசாயி காப்பாற்றி வைத்திராவிட்டால் அந்த ஆராய்ச்சிக்கே விதை இருந்திருக்காது.

நாட்டு ரகங்களுக்குக் குறையும் உண்டு. உரம் கொடுத்தால் சிலது உயரமாக வளர்ந்து சாய்ந்துவிடும். நல்ல மழை ஆண்டில் புதிய ரகம் தரும் விளைச்சலை அவை எட்டுவதில்லை. இந்தக் குறையைப் போக்கத்தான் ஒட்டுச் சேர்த்துப் புதிய ரகங்களை உருவாக்குகிறார்கள்.

பரமக்குடி தந்த ரகங்கள்

தமிழகத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் கோவையில் 1912லேயே தொடங்கப்பட்டது. ஆனால் பாசன வயலில் தேர்ந்தெடுத்த ரகம் வறண்ட வயலில் அதே பலனைத் தராது. பரமக்குடியில் உள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் சிறப்பு, விவசாயியின் வயல் படும் பாட்டை ஆராய்ச்சிப் பயிரும் படுகிறது என்பதே.

ஒரு ரகம் உருவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இரு தாய் ரகங்களின் பூக்களைக் கையால் ஒட்டுச் சேர்க்க வேண்டும். இரண்டாம் தலைமுறையில் குட்டை, நெட்டை, முந்தியது, பிந்தியது என்று பலவிதச் செடிகள் கலந்து தோன்றும். அவற்றில் நல்லதைப் பொறுக்கி, குணம் நிலைக்கும் வரை ஆறேழு தலைமுறைகள் வளர்க்க வேண்டும். அதன் பின் பல ஊர்களில், விவசாயிகளின் வயல்களிலும் சோதனை நடக்கும்.

இப்படிப் பரமக்குடியிலிருந்து பி.எம்.கே.1, பி.எம்.கே.2 ஆகிய ரகங்கள் முதலில் வந்தன. 2003இல் பி.எம்.கே.3 வெளியிடப்பட்டது. இது கோ.43 ரகத்தை ஒரு தாயாகக் கொண்டது. 2009இல் அண்ணா 4 வெளியிடப்பட்டது. பந்த்தான் 10, ஐ.இ.டி.9911 ஆகிய இரண்டையும் ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய இந்த ரகத்தின் வயது 100 முதல் 105 நாட்கள். ஹெக்டேருக்குச் சராசரி 3,700 கிலோ விளைச்சல் என்று அறிவிக்கப்பட்டது. ஏக்கருக்கு ஏறத்தாழ 1,500 கிலோ.

சராசரி என்ற சொல்லை மட்டும் விவசாயிகள் கவனிக்க வேண்டும். பல ஊர்களிலும் பல ஆண்டுகளிலும் கண்டதைக் கூட்டி வகுத்த எண் அது. சில வயல்களில் அதற்கு மேலும், சில வயல்களில் அதற்குக் கீழும் விளைந்திருக்கும். தன் வயல் எந்தப் பக்கம் என்பதை விவசாயியேதான் கண்டறிய வேண்டும். அதற்கு வழி இருக்கிறது என்பதைக் கடல் கடந்த விவசாயிகள் காட்டியிருக்கிறார்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவின் அனுபவம்

இராமநாதபுரத்தைப் போலவே மழையை நம்பி மேட்டு நிலத்தில் நெல் போடும் சிறு விவசாயிகள் மேற்கு ஆப்பிரிக்காவில் ஏராளம். அங்கே நம் நெல்லிலிருந்து வேறுபட்ட, ஆப்பிரிக்காவுக்கே உரிய நெல் இனம் ஒன்று உண்டு. நைஜர் ஆற்றுப் பகுதி மக்கள் நீண்ட காலத்துக்கு முன்பே பழக்கி எடுத்தது. அகன்ற இலைகளை விரித்துக் களையை அமுக்கும். வறட்சியையும் பூச்சியையும் தாங்கும். ஆனால் விளைச்சல் குறைவு, மணி உதிரும், சாயும். ஆசிய நெல்லோ விளைச்சல் தரும். களைக்கும் வறட்சிக்கும் ஈடு கொடுக்காது.

இரண்டையும் ஒட்டுச் சேர்த்தால் பிறக்கும் பயிர் மலடாக இருந்தது. சியரா லியோன் நாட்டைச் சேர்ந்த மாண்டி ஜோன்ஸ் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும், ஐவரி கோஸ்ட்டில் இயங்கிய மேற்கு ஆப்பிரிக்க நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1990களில் இந்தத் தடையைத் தாண்டினார்கள். அப்படி உருவான ரகங்களுக்கு நெரிக்கா என்று பெயர். இதற்காக 2004ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு, சீனாவின் வீரிய ஒட்டு நெல் விஞ்ஞானி யுவான் லாங்பிங்குக்கும் ஜோன்சுக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது.

நம் விவசாயிகள் அந்த ரகத்தைவிட, அதைத் தேர்ந்தெடுத்த முறையைத்தான் கவனிக்க வேண்டும். முதல் ஆண்டில் ஊருக்குப் பொதுவான ஒரு வயலில் பல பத்து ரகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தார்கள். தூர் கட்டும்போதும், பூக்கும்போதும், முற்றும்போதும் விவசாயிகள் வந்து பார்த்துத் தமக்குப் பிடித்ததைக் குறித்தார்கள். இரண்டாம் ஆண்டில் ஒவ்வொருவரும் தாம் தேர்ந்தெடுத்த சில ரகங்களைச் சொந்த வயலில் வளர்த்துப் பார்த்தார்கள். மூன்றாம் ஆண்டில் எந்த விதையை விலை கொடுத்து வாங்க முன்வந்தார்களோ, அதுவே அந்த ஊருக்கு ஏற்ற ரகம் என்று முடிவானது.

விஞ்ஞானிகள் எதிர்பாராத காரணங்களும் இதில் வெளிவந்தன. குட்டைப் பயிர் சாயாது என்பதால் ஆராய்ச்சி நிலையங்கள் அதையே விரும்பும். ஆனால் முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு அறுவடை செய்யும் பெண்கள், அதிகம் குனிய வேண்டாத உயரமான பயிரைக் கேட்டார்கள். நம் பக்கத்திலும் மாடு வைத்திருப்பவருக்கு வைக்கோலும் ஒரு மகசூல்தானே. நெல் மட்டும் எடை போட்டு ரகத்தை முடிவு செய்தால் மாடு பட்டினி கிடக்கும்.

நெரிக்கா எல்லா ஊரிலும் வெற்றி பெற்றுவிடவில்லை. சில இடங்களில் பலன் தந்தது. சில இடங்களில் சில ஆண்டு பயிரிட்டுவிட்டு விவசாயிகள் கைவிட்டார்கள். போதிய விதை கிடைக்காத குறையும் இருந்தது. பெயர் பெற்ற ரகமானாலும் நம் வயலில் சோதித்த பின்பே நம்ப வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும்

கணக்குக்காக இரண்டு விதைகளை எடுத்துக் கொள்வோம். முதல் விதை நல்ல மழையில் ஏக்கருக்கு 20 மூட்டை, கெட்ட ஆண்டில் 2 மூட்டை தருகிறது. இரண்டாவது, நல்ல மழையில் 15 மூட்டை, கெட்ட ஆண்டில் 7 மூட்டை. ஐந்து ஆண்டில் இரண்டு நல்ல ஆண்டு, மூன்று கெட்ட ஆண்டு என்றால் முதல் விதை மொத்தம் 46 மூட்டை தரும்; இரண்டாவது 51 மூட்டை தரும். ஐந்து மூட்டைதானே வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு மூட்டை விளைந்த ஆண்டில் வீட்டுக்குச் சோறும் இல்லை, மறுபோகத்துக்கு விதையும் இல்லை. கடன் வாங்கி விதை வாங்க வேண்டும்.

கெட்ட ஆண்டு எப்படி வரும் என்பதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்து, மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. அதற்கு நேர்மாறாக 2021 ஜனவரியில் பருவம் தவறிக் கொட்டிய மழையில், அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்து வயலிலேயே முளைத்தது. வறட்சியில் தப்புவது குறைந்த வயது ரகம். ஜனவரி மழையில் முதலில் அடிபடுவதும் அதுவே. ஆகவே எவ்வளவு நல்ல ரகமாக இருந்தாலும் நிலம் முழுவதற்கும் ஒரே விதை என்பது ஆபத்து.

இரண்டு சென்ட் சோதனை

ஆப்பிரிக்க விவசாயிகள் செய்ததை நம் விவசாயிகள் அதிகச் செலவில்லாமல் செய்து பார்க்கலாம்.

1. மூன்று விதைகளைத் தேர்ந்தெடுக்கவும். ஒன்று வழக்கமாகப் போடும் விதை. இன்னொன்று ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட குறைந்த வயது ரகம். இதை வேளாண்மை விரிவாக்க மையத்தில் நீல அட்டை கட்டிய சான்று விதையாக வாங்குவது நல்லது. மூன்றாவது ஒரு நாட்டு ரகம்.

2. வரப்போரம், மர நிழல், எருக்குழி ஓரம் ஆகிய இடங்களைத் தவிர்க்கவும். வயலின் நடுவில் ஒவ்வொரு ரகத்துக்கும் இரண்டு சென்ட் ஒதுக்கவும். மேட்டுப் பகுதியில் ஒரு தடவை, பள்ளப் பகுதியில் ஒரு தடவை என இரண்டு இடத்தில் போட்டால்தான் உண்மை தெரியும். ஏக்கருக்கு 30 கிலோ என்ற கணக்கில் இரண்டு சென்டுக்கு 600 கிராம் விதை போதும். இரண்டு இடத்துக்கும் சேர்த்து ஒவ்வொரு ரகத்திலும் 1,200 கிராம்.

3. விதையைக் கடினப்படுத்தி விதைத்தால் முளைப்பு சீராக இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் பொட்டாசியம் குளோரைடைக் கரைத்து, ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் வீதம் 16 மணி நேரம் ஊற வைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு வரும்வரை உலர்த்த வேண்டும். எல்லா ரகத்துக்கும் ஒரே மாதிரி செய்யவும்.

4. ஒரே நாளில் விதைத்து, ஒரே அளவு தொழு உரமும் உரமும் இட்டு, ஒரே நாளில் களை எடுக்கவும். ஒரு ரகத்துக்கு மட்டும் தனிக் கவனிப்புக் காட்டினால் சோதனை வீண்.

5. ஒரு நோட்டில் சில தேதிகளைக் குறிக்கவும். முளைத்த நாள், பாதிப் பயிர் பூத்த நாள், கடைசி மழை பெய்த நாள், அறுத்த நாள். மழை இடைவெளியில் நடுப்பகலில் எந்த ரகத்தின் இலை முதலில் சுருளுகிறது, மாலையில் எது சீக்கிரம் விரிகிறது என்பதையும் எழுதவும்.

6. அறுக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் நடுவில் ஒரு சென்ட் மட்டும் தனியே அறுத்து, அடித்து, நன்றாகக் காய வைத்து எடை போடவும். கிலோவை நூறால் பெருக்கினால் ஏக்கர் விளைச்சல் கிடைக்கும். 12 கிலோ வந்தால் ஏக்கருக்கு 1,200 கிலோ. வைக்கோலையும் எடை போடவும். கதிரிலிருந்து தூற்றுவதற்கு முன் நூறு மணிகளை எண்ணி, அதில் எத்தனை பதர் என்று பார்க்கவும். பதர் அதிகமானால் பூத்த நாளையும் கடைசி மழை நாளையும் ஒப்பிட்டால் காரணம் தெரியும்.

7. வீட்டுப் பெண்களிடம் சமைத்துப் பார்க்கச் சொல்லவும். சோறு எப்படி, பழையது புளித்துப் போகிறதா, வியாபாரி என்ன விலை கேட்கிறார் என்பவையும் நோட்டில் ஏற வேண்டியவையே.

ஓர் ஆண்டில் முடிவு செய்ய வேண்டாம். ஒரு நல்ல மழையையும் ஒரு மோசமான மழையையும் பார்த்த பிறகே விதையின் குணம் முழுதாகத் தெரியும். நான்கைந்து பேர் சேர்ந்து ஊரில் ஆளுக்கு ஓரிடத்தில் இதைச் செய்தால் இரண்டே ஆண்டில் ஊருக்கு ஏற்ற விதை தெரிந்துவிடும்.

கடலோர நிலத்துக்கு

திருப்புல்லாணி, மண்டபம், தேவிபட்டினம், தொண்டி என்று கடலை ஒட்டிய நிலங்களில் வறட்சியோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. நெல் இளம் நாற்றாக இருக்கும்போதும், பூக்கும்போதும் உப்பைத் தாங்காது. இங்கே ரகம் தேடும் முன் மண்ணைப் பரிசோதிக்க வேண்டும். வெள்ளையாகப் பூத்திருக்கும் எல்லா நிலமும் ஒன்றல்ல. உவர் நிலம் வேறு, களர் நிலம் வேறு. களர் நிலத்துக்கு ஜிப்சம் இட்டுச் சீர்திருத்த வேண்டும். உவர் நிலத்துக்கு ஜிப்சம் வாங்குவது பணத்தைக் கடலில் போடுவதற்குச் சமம். அங்கே மழை நீரைத் தேக்கி வடித்து உப்பைக் கழுவுவதே வழி. திருச்சியிலிருந்து வந்த டி.ஆர்.ஒய் வரிசை ரகங்கள் களர் நிலத்துக்காக உருவாக்கப்பட்டவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நாட்டு ரகங்களில் குழியடிச்சான் உப்பையும் வறட்சியையும் தாங்குவதில் பெயர் பெற்றது. இராமநாதபுரத்தில் உள்ள கடலோர உவர் ஆராய்ச்சி மையத்தில் ஆலோசனை பெறலாம்.

இராமேசுவரம் தீவின் மணலில் தண்ணீர் தங்காது. நெல் அங்கே பொருத்தமான பயிர் அல்ல. ஆனால் தென்னையோ காய்கறியோ புதிதாக வைப்பவர்களும் சிறிய இடத்தில் சோதித்த பிறகே பெருக்குவது நல்லது. கிணற்றில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாகத்தான் நிற்கிறது. வேகமாக இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும்.

பழைய விதையை விட வேண்டாம்

சோதனையில் புதிய ரகம் வென்றாலும் உடனே நிலம் முழுதையும் மாற்றக் கூடாது. முதலில் மூன்றில் ஒரு பங்கு. அது கைகொடுத்தால் மறு ஆண்டு பாதி. மிச்ச நிலத்தில் பழைய விதை இருக்கட்டும். விதைக்கு எடுக்கும் நெல்லைத் துண்டின் நடுவிலிருந்து, கலவன் செடிகளைப் பூக்கும்போதே பிடுங்கிவிட்டு எடுக்க வேண்டும். பக்கத்து ரகத்திலிருந்து மூன்று மீட்டர் விலகியிருந்தால் கலப்பு வராது. விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மற்றவருக்குக் கொடுக்கவும் 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் விவசாயிக்கு உரிமை தந்திருக்கிறது.

கடையில் வாங்கும் விதை தீர்ந்தால் மறுபடி வாங்கலாம். ஊரில் ஒருவருமே விதைக்காமல் விட்ட நாட்டு ரகம் போனால் போனதுதான். அதைத் திரும்ப உருவாக்க எந்த நிலையத்தாலும் முடியாது. வருகிற புரட்டாசியில் நிலத்தின் நடுவே சில சென்ட்களைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். எந்த நெல் பொங்கலுக்கு அரிவாளுக்கு வருகிறது, எது அன்றுதான் பூக்கிறது என்று உங்கள் வயலே சொல்லிவிடும்.